கதவைப் பூட்டிக்கொண்டு செபித்தவர்கள்

கேள்வி: 2019 மே 3

அண்ணா, எனக்கு 24 வயது, கொட்டாஞ்சேனை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் புறப்பட்டவன், ஒரு சப்பாத்தைக் காணாமல் கட்டிலுக்குக் கீழே தேடித் தேடிப் பிந்திவிட்டேன். சந்திக்கு வரும்போது குண்டு வெடித்த சத்தம் கேட்டது. அன்று குண்டு வெடித்த கோயில்களில் எங்கள் கோயிலும் ஒன்று. இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "கடவுள் உன்னைக் காப்பாற்றினார், சாட்சி சொல்லு" என்கிறார்கள். என்னோடு படித்தவனின் அம்மா உள்ளே இருந்தா. அவன் முன்னால் நான் எந்த வாயால் சாட்சி சொல்ல? இன்னொன்று, கோயில் திறந்தாலும் போகப் பயமாக இருக்கிறது. பயந்தால் விசுவாசம் இல்லையென்று அர்த்தமா?

2019 மே 4, சனி

சாட்சி சொல்லாதே. சப்பாத்தைக் காணவில்லை, பிந்தினேன், பிழைத்தேன். கேட்பவர்களுக்கு அவ்வளவு போதும். அதற்குள் கடவுள் எங்கே நின்றார் என்பதை ஆறுதலாகப் பார்க்கலாம், பத்து வருஷம் எடுத்தாலும் பரவாயில்லை. கூட்டாளியிடம் போனால் அதையும் சொல்லாதே. பக்கத்தில் இரு. தேத்தண்ணி தந்தால் குடி.

பயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு கோயில்கள் எல்லாம் பூட்டு. கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை வைத்தார். வத்தளையில் நாங்கள் கேற்றுக்குப் பூட்டுப் போட்டு, யன்னலைச் சாத்தி, டிவி முன்னால் இருந்தோம். நாளைக்கும் பூசை கிடையாது. அன்றைய நற்செய்தியைக் கவனித்தாயா? உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு வருஷாவருஷம் வாசிப்பதுதான், யோவான் 20. சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள், இயேசு நடுவில் வந்து நிற்கிறார். 45 வருஷமாகக் கேட்கிற வாசகம். பூட்டு என்ற சொல் ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. எனக்கு அது தோமாவின் கதை, விரலை விட்டுப் பார்த்தவரின் கதை. பூட்டிய வீட்டுக்குள் இருந்து கேட்டபோதுதான் முதல் வரி விழுந்தது.

கதவைத் திறந்தால்தான் வருவேன் என்று அவர் வெளியில் நிற்கவில்லை. பார்த்த பிறகு அவர்களுடைய பயம் போனது, கதவைத் திறந்தார்கள். உனக்கும் அப்படி ஒரு நாள் வரும்.

அதே நாள், இரவு 11 மணி

மேலே கடைசியில் எழுதியது பிழை. சாப்பிட்ட பிறகு வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் ஞாயிறு அவரைப் பார்க்கிறார்கள், கையையும் விலாவையும் காட்டுகிறார், மகிழ்ச்சி அடைகிறார்கள். எட்டு நாள் கழித்து மறுபடி அதே வீடு, தோமாவும் இருக்கிறார், கதவு அப்போதும் பூட்டித்தான் இருக்கிறது! உயிர்த்தவரை நேரில் கண்டவர்கள் அடுத்த கிழமையும் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்காக அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டு தரமும் "உங்களுக்குச் சமாதானம்" என்றுதான் தொடங்குகிறார்.

ஆகவே உனக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று நான் சொன்னதை அழித்துவிடு. வராமலும் போகலாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் சனி இரவே பாஸ்காத் திருவிழிப்புக்குப் போய், வீடு வந்து படுக்க இரண்டு மணி. ஞாயிறு காலை மகள் கொச்சிக்கடைக்குப் போவோம் என்று கேட்டாள். எனக்கு நித்திரை, எழும்பவில்லை. பத்து மணிக்குச் செய்தி வந்தபோது என் வாயில் வந்த முதல் சொல் என்ன தெரியுமா? "அந்தோனியாரே, எங்களைக் காப்பாற்றினீர்." உனக்கு உபதேசம் செய்கிற நான்தான் சொன்னேன். காப்பாற்றியது நித்திரை. காலையில் எழும்பிக் குளித்து, பிள்ளைகளுக்குப் புது உடுப்புப் போட்டுக் கூட்டிப் போன நல்ல மனிதர்கள் செத்தார்கள். அதை நினைக்க அந்தச் செபம் வாயில் கசக்கிறது.

2019 மே 6

அம்மாவிடம் உன் கேள்வியைச் சொன்னேன். அவ மன்னார், மடுப் பிள்ளை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டா: "பயந்தா விசுவாசம் இல்லையாமோ? மடு மாதாவே ரெண்டு தரம் பயந்து ஓடினவதான். இந்தப் பெடியன் என்ன மாதாவை விடப் பெரிய ஆளோ?"

சிரிப்பு வந்தது. யோசித்தால் சரிதான். 1670 அளவில், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதால்தான் மடு என்று ஒரு கோயிலே வந்தது. பிறகு எங்கள் காலத்தில், 2007இல், சண்டை கோயில் வாசலுக்கு வந்தபோது கோயில் குருமாரான சுவாமிமார் அதே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். எங்கள் மாதா இடம்பெயர்ந்த மாதா. நிவாரணக் காட் மட்டும்தான் கொடுக்கவில்லை.

அம்மா பிறகு சிரிக்கவில்லை. கொழும்பு ஆட்கள் எல்லாம் கோயிலுக்குள் குண்டா, கோயிலுக்குள் குண்டா என்று அதிசயப்படுகிறார்கள், எங்களுக்கு இது புதிதா என்றா. நவாலி, 1995 யூலை 9: இடம்பெயர்ந்து வந்து கோயிலில் ஒதுங்கிய சனத்தின் மேல் விமானம் குண்டு போட்டது, நூற்றுக்கு மேல் சாவு. மடு, 1999 நவம்பர் 20: தஞ்சம் இருந்தவர்கள் மேல் ஷெல், 40 பேர் அளவில். பெரியம்மா அன்று மடுவில் இருந்தா. ஷெல் விழுந்த பிறகும் அங்கேயேதான் இருந்தா. விசுவாசமா என்று கேட்டால், "போக வேற இடம் இல்லை" என்பா. அம்மாவும் பெரியம்மாவும் இதைப் பற்றி வேறு ஒன்றும் கதைத்ததே இல்லை.

2019 மே 7

திருத்தம். தேவன்பிட்டிக்குப் போனது 2008 ஏப்ரல், 2007 அல்ல. ஒருவர் சுட்டிக்காட்டினார், அம்மாவும் காதைத் திருகினா. அதே வருஷம் ஓகஸ்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பிவிட்டது.

2019 மே 12, ஞாயிறு இரவு

இன்று பூசை. மூன்று கிழமைக்குப் பிறகு.

வாசலில் ஆமி, பொலிஸ், அவர்களோடு பங்கு இளைஞர்கள். பை கொண்டுவரக் கூடாது, அடையாள அட்டை காட்ட வேண்டும். ஊர் முகம் தெரிந்த பையன்களை நிறுத்தியது அந்நியர் வந்தால் கண்டுபிடிக்க. நின்ற பையனுக்கு என்னைத் தெரியவில்லை. "அங்கிள் எந்தப் பங்கு?" என்றான். 22 வருஷம் இதே பங்கில்தான் இருக்கிறேன். கிறிஸ்மஸ், ஈஸ்டர், திருநாள் என்று மட்டும் தலை காட்டினால் இப்படித்தான் என்று மனைவி வழி முழுக்கச் சிரித்தா. அம்மாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, கையைப் பிடித்து உள்ளே விட்டார்கள்.

அம்மா எப்போதும் மூன்றாவது வாங்கில், மாதா பக்கம் இருப்பவ. இன்று நேரே பக்கக் கதவுக்கு அருகில் போய் இருந்தா. ஏன் என்று கேட்டேன். "வயசு போனவள் ஓடுறதுக்கு வசதியா இருக்க வேணாமே?" பயத்தோடு வந்தா, பயத்தோடு இருந்தா, நற்கருணை நன்மை எடுத்தா, போனா.

எனக்குப் பூசை நடுவில் கோபம் வந்தது. இன்று நல்லாயன் ஞாயிறு. வாசகம் யோவான் 10: என் ஆடுகளை யாரும் என் கையிலிருந்து பறிக்க மாட்டார்கள். பறிக்கவில்லையா? கட்டுவாப்பிட்டியில் ஒரே கோயிலில் நூற்றுக்கு மேல். மட்டக்களப்பு சியோன் கோயிலில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்த பிள்ளைகள். சுவாமி இதைச் சுற்றி வளைத்து விளக்குவார், எழும்பிப் போய்விடுவோம் என்று இருந்தேன். அவர் வாசித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, "இதை இன்றைக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை" என்று விசுவாசப் பிரமாணத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பிரசங்கம் போதும். எழும்பி நின்று "விசுவசிக்கிறேன்" சொன்னேன், பாதி பொய்யாக. மற்றப் பாதியைப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

மகளின் முதல் நன்மை தள்ளிப்போய்விட்டது. வெள்ளை உடுப்பு தைத்து அலுமாரியில் தொங்குகிறது. தையல்காரி கேட்கிறா, வளர்ந்துவிடுவாள், மடிப்பு விட்டுத் தைத்துத் தரட்டோ என்று.

2019 மே 14

நேற்று இரவு நாடு முழுக்க ஊரடங்கு. கோயில்களில் குண்டு வைத்தது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கும்பல்; அதற்குப் பழியாக மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்திருக்கிறார்கள், குளியாப்பிட்டியில் பள்ளிவாசல்களை உடைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் மறுபடி வேலை செய்யவில்லை. எரித்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்களோ என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் முதல் கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

நான் ஒரு கடையையும் எரிக்கவில்லை. செய்தது வேறு. எங்கள் ஒழுங்கை முனையில் நானாவின் கடை. முஸ்லிம் கடை. பன்னிரண்டு வருஷமாக அரிசி, சீனி, பாண் எல்லாம் அங்கேதான், கொப்பியில் எழுதிவிட்டு மாத முடிவில் கொடுப்பது. ஏப்ரல் 21க்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் ஏறி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். கூச்சம், பயம், "யார் கண்டது" என்ற எண்ணம், எல்லாம் கலந்த ஒன்று. மூன்று கிழமை. அங்கே பாணும் நல்லதில்லை.

உனக்குப் பயப்படலாம், பயம் பாவமில்லை என்று எழுதினேன் அல்லவா? அதைத் திரும்ப வாசித்தேன். கேற்றைப் பூட்டிய பயமும் நானாவின் கடையைத் தாண்டி என்னை நடக்கவைத்த பயமும் ஒன்றுதான். பூட்டின கதவுக்குள் இயேசு வந்தார் என்று எழுதியவன், அந்தக் கதவு யாருடைய முகத்தில் சாத்தப்பட்டது என்று பார்க்கவில்லை.

இன்று காலை போனேன். கடை பாதிதான் திறந்திருந்தது. சம்பா ஐந்து கிலோ, தேயிலை, சவர்க்காரம் கேட்டேன். நானா நிறுத்துக் கட்டினார். "அம்மா சுகமா?" என்று மட்டும் கேட்டார். கொப்பியை எடுத்தார். என் பக்கத்தில் ஏப்ரல் 20க்குப் பிறகு ஒன்றும் இல்லை, வெறும் கோடு. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் மே 14 என்று எழுதினார்.

2019 ஜூன் 13

அந்தோனியார் திருநாள். நேற்றுக் கோயிலைத் திறந்துவிட்டார்கள். கடற்படை இரவு பகலாக நின்று திருத்தியிருக்கிறது. இன்று அம்மா, மனைவி, மகள், நான்.

சுவரெல்லாம் புதுப் பூச்சு. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு இங்கே யார்தான் வருவதில்லை? சைவ அம்மாமார், சிங்கள பௌத்தர்கள், முந்தி முஸ்லிம்களும். இன்று முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் மற்றவரின் பையைப் பார்க்கிறார்கள், பை இல்லை, பிறகு முகத்தைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கோயில் தொடங்கியதும் ஒளிந்திருந்த ஒருவரால்தான் என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அந்தோனியோ என்ற சுவாமி வியாபாரி வேடம் போட்டு இருந்தாராம். பிடிக்க வந்தபோது, கடலரிப்பால் நொந்திருந்த மீனவர்கள் அவரைக் காத்தார்களாம், அவர் சிலுவை நட்டுச் செபிக்கக் கடல் பின்வாங்கியதாம். கடல் பின்வாங்கியது எனக்குத் தெரியாது. வேடம் போட்டதை நம்புகிறேன்.

உன்னைத் தேடினேன், தம்பி. முகம் தெரியாமல் எப்படித் தேடுவது? 24 வயதுப் பையன்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மனைவி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டா.

2020 ஏப்ரல் 12

மறுபடி உயிர்த்த ஞாயிறு, மறுபடி டிவி. இந்தத் தரம் கொரோனா. கொழும்பு, கம்பஹா எல்லாம் மார்ச்சிலிருந்து ஊரடங்கு. பயத்திலும் வித்தியாசம் இருக்கிறது: போன வருஷம் அந்நியனைப் பார்த்துப் பயம், இந்த வருஷம் கட்டிப்பிடிக்கிற பேத்தியைப் பார்த்து அம்மாவுக்குப் பயம்.

பூசை இல்லாமல் விசுவாசம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருந்தாய். (உயிரோடு இருக்கிறாய், எழுதுகிறாய், சந்தோஷம்.) கணக்குப் பார்த்தேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துச் சுவாமிமாரைத் துரத்தினார்கள். யோசவ்வாஸ் முனிவர் கோவாவிலிருந்து ஏழை வேடத்தில் வந்து சேர்ந்தது 1687. ஏறக்குறைய முப்பது வருஷம். அவர் யாரிடமும் நான் குருவானவர் என்று சொல்ல முடியாது. செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிச்சை எடுப்பதுபோல வீடு வீடாகப் போனார், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்க்க. மாறியிருக்கிறது. முப்பது வருஷம் பூசை இல்லை, நன்மை இல்லை, பாட்டிமார் சொல்லிக்கொடுத்த செபம் மட்டும்.

இதை எழுதிவிட்டு, எனக்கு மூன்று கிழமையில் செபமாலை ஐந்து காரணிக்கம் (பத்துப் பத்து மணியாகச் சொல்லும் ஐந்து பகுதி) முடிக்கப் பொறுமையில்லை என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவதில் மனம் பருப்புக்குப் போய்விடுகிறது. பருப்பு கொண்டுவந்தது நானாவின் மகன், ஊரடங்குப் பாஸ் எடுத்து, சைக்கிளில். கேற்றுக்கு மேலால் தந்தான்.

மகளின் உடுப்பு இப்போது கட்டை. மடிப்பு விட்டும் போதாது.

2022 ஏப்ரல் 17

ஈஸ்டர். கோயில் திறந்திருக்கிறது. காஸ் இல்லை, பால்மா இல்லை, மின்சாரம் எப்போது போகும் என்று அட்டவணை பார்த்துத்தான் பூசைக்குப் போகிறோம். பாஸ்காத் திரியை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

காஸ் வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நானா. பின்னால் ஒரு போதகர், "கடைசி நாட்கள், கடைசி நாட்கள்" என்றுகொண்டிருந்தார். நானா திரும்பி, "பாஸ்டர், கடைசி சிலிண்டர் எப்ப வரும் எண்டு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். போதகரே சிரித்துவிட்டார்.

2023 ஜனவரி 13

நேற்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு. எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் கட்ட வேண்டும். பொலிஸ், புலனாய்வு அதிகாரிகளும். இந்தியாவிலிருந்து தகவல் வந்தது 2019 ஏப்ரல் 4. பதினேழு நாள்.

நல்லாயன் ஞாயிற்றுக் கோபத்தை மேலே எழுதியிருக்கிறேன். யாரும் பறிக்க மாட்டார்கள் என்றாரே, ஏன் பறிக்க விட்டார் என்று வாங்கில் இருந்து பொருமினேன். அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் பதினேழு நாள் ஒரு கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டு இருந்திருக்கிறது. நான் கேட்டது முழுவதும் மேலே பார்த்து. பாதியையாவது மேசையைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். நஷ்டஈடு கிடைத்தால் உன் கூட்டாளி வாங்குவானா என்று கேட்டுச் சொல்.

2025 ஏப்ரல் 22

நேற்று ஆறு வருஷம். காலை 8.45க்கு மணி அடித்தது, எழும்பி நின்றோம். மத்தியானம் ரோமிலிருந்து செய்தி, பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். 2015இல் காலிமுகத்திடலில் யோசவ்வாஸ் முனிவரைப் புனிதராக்க வந்தபோது மகளைத் தோளில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அவளுக்கு ஞாபகம் இல்லையாம், வெயில் மட்டும் ஞாபகமாம்.

அன்று கோயில்களில் இறந்த கத்தோலிக்கரில் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருக்கிறது என்று கர்தினால் அறிவித்தார். கேட்டதும் நீதான் ஞாபகம் வந்தாய், தம்பி. சாட்சி சொல்லு, சாட்சி சொல்லு என்று உன்னைப் பிடுங்கினார்களே. இனி உன்னை விட்டுவிடுவார்கள். கூட்டாளியின் அம்மா பெயர் அதில் இருக்கும், அவனிடம் சொன்னாயா? நீங்கள் இரண்டு பேரும் இப்போது கதைக்கிறீர்களா? கனடாவிலிருந்து எழுதிய கடைசிக் கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய். அங்கே கோயிலுக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

அம்மா போன வருஷம் செப்டெம்பரில் போய்விட்டா. நித்திரையில். மடுவுக்குக் கூட்டிப்போகக் கேட்டுக்கொண்டிருந்தா, ஓகஸ்ட் திருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை. நானா வந்து முற்றத்துக் கதிரையில் இரவு முழுக்க இருந்தார்.

நேற்றுப் பூசைக்குப் போனபோது மூன்றாவது வாங்கில் இடம் இருந்தது. நான் போய்ப் பக்கக் கதவுக்கு அருகில் இருந்தேன். இரண்டு வருஷமாக அங்கேதான். முதலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள, இப்போது எதற்கென்று தெரியவில்லை. அந்த இடத்தில் காற்றும் வருகிறது.